எஃப் கார்டு, கிளட்ச், தண்ணீர் கேன்

கடந்த மார்ச்சில் ஒரு நாள் காலை, டபராவிலிருந்து காபி டம்ளரை இடது கையால் தூக்கினேன். முழங்கையின் வெளிப்பக்கத்தில், அந்த எலும்பு முட்டுக்குச் சற்றுக் கீழே, சுருக்கென்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தேன். மறுபடியும் சுருக். நூறு கிராம் காபிக்கு இந்தப் பாடா என்று சிரிப்பு வந்தது. ஒரு வாரம் கழித்துத் துண்டு பிழியவே முடியாமல் போனபோது சிரிப்பு போய்விட்டது.

யார்மேல் சந்தேகம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மகள் எட்டாம் வகுப்பில் ஆசையாக வாங்கி, ஒன்பதாம் வகுப்பில் பீரோ மேல் ஏற்றிவிட்ட கிட்டாரை ஜனவரியில் நான் கீழே இறக்கியிருந்தேன். வயது 43. யூடியூப்தான் குரு. பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் கார்டுகளில் ஜி, சி, டி எல்லாம் ஓரளவு வந்துவிட்டன. எஃப் மட்டும் வரவில்லை. கிட்டார் கழுத்தின் முதல் கட்டத்தில் (ஃப்ரெட்டில்) ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்தும் பாரே கார்டு அது. ஆறில் ரெண்டு கம்பியாவது 'பொத்' என்று செத்த சத்தம் போடும். வீம்புக்கு ராத்திரி ஒரு மணி நேரம் அதையே நெரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தைலம் தேய்த்தார். "இந்த வயசுல உனக்கு ஏண்டா இது" என்பதும் தைலத்தோடு சேர்த்துக் கிடைத்தது. எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, 'டென்னிஸ் எல்போ' என்றார். நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே கிடையாது. ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். மொத்தம் நாலு நிமிடம், கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் மடத்தனம். ஆறு வாரம் கிட்டாரைத் தொடவே இல்லை. வலி மெல்ல மெல்ல அடங்கியது. ஆஹா என்று மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை எடுத்தேன். பத்தே நிமிடம். அன்று சாயங்காலம் கதவுக் குமிழைத் திருகக்கூட முடியவில்லை.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ஃபிசியோதெரபி கிளினிக் இருக்கிறது. அங்கே ஒரு கன்னடக்காரப் பெண். அல்சூரிலேயே வளர்ந்ததால் தமிழும் சரளம். கையை நேராக நீட்டச் சொல்லி, நடுவிரலை மட்டும் மேலிருந்து அழுத்தி, "விடாம எதிர்த்து நில்லுங்க சார்" என்றார். உயிர் போனது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகிறதா என்று கேட்டார். இல்லை. மரத்துப் போனால் அது நரம்பு விஷயமாக இருக்கலாம், வைத்தியமே வேறாம். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இந்த இடது கை என்னென்ன பண்ணுதுன்னு எழுதுங்க."

எழுதத் தொடங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. கிட்டார் ஒரு மணி நேரம். அதற்கு மேலே பைக். அல்சூரிலிருந்து பழைய மெட்ராஸ் ரோடு, டின் ஃபேக்டரி, கே.ஆர்.புரம் தொங்கு பாலம் என்று ஒயிட்ஃபீல்டு வரைக்கும் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றரை மணி. டின் ஃபேக்டரியில் நகர்வதே முழம் முழமாகத்தான், ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு தரம் கிளட்ச்சைப் பிடித்து விடவேண்டும். என் பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் அப்படி ஒரு கனம். இது போதாதென்று மூன்று நாளைக்கு ஒரு முறை இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது.

அவர் சொன்ன விளக்கம் இது. விரல்களை மடக்கி எதையாவது இறுக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடங்கிவிடப் பார்க்கும். அதை மடங்க விடாமல் நிறுத்துவது முன்னங்கையின் மேல்பக்கத் தசைகள். அவை போய்ப் பிடித்திருக்கும் இடம்தான் முழங்கையின் வெளிப்பக்க முட்டு. கிட்டார் கழுத்தைப் பிடித்தாலும் கிளட்ச்சைப் பிடித்தாலும் அந்தத் தசைநாணுக்கு (டெண்டன்) ஒரே கணக்குதான். கிட்டார் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேர்ந்த சுமை, அவ்வளவே. முட்டின் உள்பக்கம் வலித்தால் கதை நேர்மாறு, அதற்குப் பெயர் 'கோல்ஃபர்ஸ் எல்போ'. பயிற்சியும் எதிர்ப்பக்கம் செய்யவேண்டும். ஆகவே எந்தப் பக்கம் என்று தெரியாமல் வீடியோ பார்த்துப் பயிற்சியில் இறங்கவேண்டாம்.

ஊசி பற்றிக் கேட்டேன். 2006-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வைச் சொன்னார். 198 பேரை ஊசி, ஃபிசியோதெரபி, சும்மா காத்திருத்தல் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாவது வாரத்தில் ஊசிக் கூட்டம்தான் முன்னால். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வலி திரும்பி வந்திருக்கிறது, ஒரு வருட முடிவில் ஃபிசியோ கூட்டம் அவர்களைத் தாண்டிவிட்டது. "ஓய்வெடுத்தா வலி அடங்கும் சார், டெண்டன் பலமாகாது. கொஞ்சம் கொஞ்சமா வெயிட் குடுத்துத்தான் பழக்கணும். மூணு மாசம் ஆகும். சிலருக்கு இன்னும் மேலேயும்."

முதல் பத்து நாள் அசைவே இல்லாத பயிற்சி. உள்ளங்கை கீழே பார்க்க, முன்னங்கையை மேசைமேல் வைத்து, வலது கையால் புறங்கையை அழுத்தவேண்டும். இடது கை நகராமல் எதிர்த்து நிற்கவேண்டும். நாற்பது நொடி, ஐந்து தடவை. அப்புறம் ஒரு கிலோ டம்பெல். மேசை விளிம்புக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு, வலது கை உதவியோடு எடையை மேலே கொண்டுபோய், இடது கையால் மட்டும் நாலு எண்ணி மெதுவாக இறக்குவது. பதினைந்து தரம், மூன்று சுற்று. லேசாக வலிக்கும். பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிடவேண்டும் என்பது விதி. இதைவிட அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. நியூஸ் பார்த்துக்கொண்டே செய்தேன்.

இன்னொரு சின்ன விஷயம் முதல் நாளிலிருந்தே உதவியது. எதையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்குவது. பால் பாக்கெட்டை மேலிருந்து கவ்வினால் சுருக், கீழே கையைக் கொடுத்து ஏந்தினால் ஒன்றுமில்லை. முன்னங்கைக்கு ஒரு பட்டையும் வாங்கினேன். முட்டின் மேலேயே கட்டுவதல்ல, இரண்டு விரற்கடை கீழே சதைமேல் கட்டவேண்டும். கட்டியிருக்கும்வரை கொஞ்சம் இதம், மற்றபடி பெரிதாகச் சொல்வதற்கில்லை.

பைக்கை நிறுத்தினேன். 2023 அக்டோபரிலேயே பர்ப்பிள் லைன் மெட்ரோ ஒயிட்ஃபீல்டு வரை இடைவெளி இல்லாமல் ஓட ஆரம்பித்துவிட்டது. அல்சூரில் ஏறினால் பட்டந்தூர் அக்ரஹாராவில் இறங்கி நடக்கலாம். கிளட்ச் பிடித்தால்தான் ஆண்பிள்ளை என்ற மாதிரி நான்தான் இத்தனை நாள் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். கேன் போடும் பையனிடம் மாதம் நூறு ரூபாய் கூடக் கொடுத்து, அவனையே கவிழ்த்துவிட்டுப் போகச் சொன்னேன்.

கிட்டாரை ஃப்ரேசர் டவுனில் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பன்னிரண்டாவது கட்டத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கம்பிக்கும் கட்டத்துக்கும் நடுவே மூன்றரை மில்லிமீட்டர். "இதுல எஃப் புடிச்சீங்களா? மாட்டு வண்டியக் கையால இழுத்த மாதிரி தம்பி" என்றார். தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் 'நட்' பட்டையின் பள்ளங்களை அரம் போட்டு இறக்கினார், கீழ்ப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சேடிலைத் தேய்த்தார். இப்போது இரண்டேகால். 12-53 அளவுக் கனத்த கம்பிகளைக் கழற்றிவிட்டு மெல்லிய 10-47 போட்டார். பிறகு கிட்டாரை என் மடியில் வைத்து, "கட்டைவிரல எடுத்துட்டு எஃப் புடிங்க" என்றார். விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். வலது முன்னங்கை கிட்டாரின் உடம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க, இடது கை தன் கனத்திலேயே பின்னால் இழுக்கவேண்டுமாம். ஆள்காட்டி விரலின் சதைப்பற்றான அடிப்பக்கம் வேண்டாம், எலும்பு தட்டுப்படும் ஓரத்தால் கட்டத்தை ஒட்டி அழுத்தவேண்டும். செய்தேன். ஐந்து கம்பி பேசியது. இத்தனை நாளாகக் கட்டைவிரலால் நெரித்ததெல்லாம் வீண் என்று தெரிந்தபோது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

ஜூன் மாதம் அலாரம் வைத்து வாசித்தேன். ஐந்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் ஓய்வு, மூன்று தரம். பாரே கார்டே கிடையாது. வாரத்துக்கு ரெண்டு நிமிடமாகக் கூட்டினேன். பிறகு எஃப் பழகும்போது மூன்றாவது கட்டத்தில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டிக்கொண்டு பழகினேன். அங்கே அழுத்துவது முதல் கட்டத்தைவிடச் சுலபம்.

ஆகஸ்டில் சறுக்கினேன். சென்னையில் ஒரு கல்யாணம். கன்டோன்மென்டில் ரயிலேறி, பதினெட்டு கிலோ சூட்கேஸை உள்ளங்கை கீழே பார்க்க, ஒரே தம்மில் மேல் பெர்த்துக்கு ஏற்றினேன். பந்தியில் இலையை விரிக்கும்போதே வலி வந்துவிட்டது. மூன்று மாத உழைப்பும் போச்சு என்று நொந்துபோய் ஃபிசியோ முன்னால் உட்கார்ந்தேன். அவர் அசரவில்லை. "முதல்ல இருந்து வேணாம் சார். ஒரு படி மட்டும் கீழ இறங்குங்க." இரண்டு கிலோவிலிருந்து ஒன்றரைக்கு வந்தேன். பன்னிரண்டு நாளில் பழையபடி ஆனது.

இப்போது டிசம்பர். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் வாசிக்கிறேன், நடுவில் ஒரு இடைவேளை உண்டு. டம்பெல் வாரம் மூன்று நாள், இரண்டரை கிலோ. குளிர்ந்த காலையில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்தால் மட்டும் லேசாக ஒரு ஞாபகம் வரும். பைக் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிறது, அதுவும் அல்சூர் ஏரியைச் சுற்றி. எஃப் கார்டில் அந்த இரண்டாவது கம்பி இன்னமும் பத்துக்கு மூன்று தடவை 'பொத்' என்கிறது. மகள் அடுத்த அறையிலிருந்து "அப்பா, பி கம்பி" என்று கத்துகிறாள்.