டார்ச்

மலர்க்குழு ரெண்டு பக்கம் கேட்டு மூன்று மாதமாகிறது, எழுத ஒன்றுமில்லை என்றே தள்ளிப்போட்டு வந்தேன், போன செவ்வாய்க்கிழமை வரை.

அன்று இங்கே சிங்கப்பூரில், சர்க்கரைக்காக வருஷா வருஷம் செய்துகொள்ளும் கண் பரிசோதனை. சொட்டு மருந்து விட்டு, பியூப்பில் விரியட்டும், சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எதுவும் படிக்க வராது என்று உட்காரவைத்தார்கள். அந்த நேரம் பார்த்து நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். மாலை மாதிரி தெரிந்தது, எழுத்து பிடிபடவில்லை.

பத்தாவது சி பிரிவுக்காரர்களுக்கு பியூப்பில் என்றாலே என் ஞாபகம்தான் வரும். 'தி டாக்டர் எக்ஸாமின்ட் ஹிஸ் பியூப்பில்ஸ் வித் எ டார்ச்.' இங்கிலீஷ் சார் அர்த்தம் கேட்டதும் முந்திக்கொண்டு எழுந்து, "டாக்டர் தன் மாணவர்களை டார்ச் அடித்துப் பரிசோதித்தார்" என்றேன். கடைசி பெஞ்ச் வரை சிரிப்பு. சார் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். "இங்க வாடா" என்று கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றி, வெற்றிலை வாசம் அடிக்கிற தூரத்தில் குனிந்தார். "என் கண்ணுக்குள்ள என்னடா தெரியுது?"

"நான்தான் சார். பொம்மையாட்டம் குட்டியா."

"அதேதான். லத்தீன்ல பியூப்பில்லான்னா குட்டிப் பொம்மை. நம்ம வள்ளுவரும் 'கருமணியிற் பாவாய்'னு கூப்பிட்டு, காதலிக்கு இடம் வேணும், நீ கிளம்புங்கிறார். ரெண்டு பேரும் பார்த்தது ஒரே பொம்மை." மாணவனுக்கும் வேர் அதுவேதான், ரோமானியச் சட்டத்தில் பியூப்பில்லஸ் என்றால் அப்பா இல்லாமல் அடுத்தவர் பொறுப்பில் வளர்கிற சின்னப் பையன் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "போய் உட்காரு" என்றார்.

எங்கப்பா தறியை விட்டுப் போய் அப்போது நாலு மாதம். அந்த வருஷம் பரீட்சை ஃபீஸ் யார் கட்டியது என்று யாரும் சொல்லவில்லை. நானும் தெரியாத மாதிரியே இருந்துவிட்டேன்.

லீவுக்கு வரும்போதெல்லாம் ஏற்காடு போவோம். சார் வீடு வழியில், கோரிமேட்டில்தான். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிள்ளைகளுக்குக் குமட்டும், வெயிலுக்கு முன்னால் ஏறிவிடலாம், இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பேன். இறங்கும்போது இருட்டியிருக்கும். தட்டுவடை செட் வாங்க மட்டும் எப்படியோ நேரம் கிடைக்கும்.

போனை மனைவியிடம் நீட்டினேன். "டார்ச், சார் போயிட்டார்டா" என்று வாசித்தவள் நிமிர்ந்து பார்த்து, "யாருங்க டார்ச்?" என்றாள்.