வேளாங்கண்ணி மணலில் முழங்காலிடும் முன்

வேளாங்கண்ணிப் பேராலயத்திலிருந்து மாதா குளம் நோக்கிப் போகும் மணல் பாதையில் யாராவது முழங்காலில் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். வேண்டுதல் பலித்து நன்றி சொல்ல வந்தவர்கள் பலர். சிலர் மட்டும் பல வருஷத்துக் குற்றவுணர்வைத் தோல் உரிய மணலில் தேய்த்துத் தீர்த்துவிட வந்தவர்கள். இது அவர்களுக்காக. முதலில் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம், அப்புறம்தான் மணல்.

விவிலியத்தில் லூக்கா 15-இல், தந்தையின் சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய்த் தொலைத்த ஊதாரி மகன் ஊர் திரும்புமுன் தனக்குள் சொல்லிப் பார்க்கும் பேச்சில் மூன்று பகுதி உண்டு: பாவம் செய்தேன், மகன் என்று சொல்லத் தகுதியில்லை, கூலியாளாக வைத்துக்கொள்ளும். தந்தை முன் நிற்கும்போது முதல் இரண்டைத்தான் சொல்கிறான். மூன்றாவது வாயில் வருமுன்பே ஆடையும் மோதிரமும் மிதியடியும் கொண்டுவரச் சொல்லியாகிவிட்டது. நேரே மணலில் இறங்குபவர் அந்த மூன்றாவது வரியோடு வருகிறார். உழைத்துக் கணக்குத் தீர்க்கப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை பாவசங்கீர்த்தனத்துக்கும் வரிசை நீளம். பின்னால் நிற்பவர்களை நினைத்தே பாதியை விழுங்கிவிடுவோம். வெகுகாலம் சுமந்த பாரமென்றால் திருவிழா இல்லாத வாரநாளாகப் பாருங்கள். முந்தின நாளே போய் இரவு தங்குவது நல்லது.

பழைய மறைக்கல்வியில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் சொல்வார்கள்: ஆன்ம சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கை, அபராதம் தீர்த்தல். ஆன்ம சோதனையை வரிசையில் நின்றுகொண்டு செய்ய முடியாது. அரைமணி நேரம் தனியாக உட்காருங்கள். மறந்துபோகும் என்றால் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளலாம், வெளியே வந்ததும் கிழித்துவிட வேண்டும். கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். இருபது வருஷம் ஆயிற்று என்றாலும் கூசாமல் சொல்லுங்கள், குருக்கள் கேட்காததா! கனமான பாவங்களை என்ன வகை, ஏறக்குறைய எத்தனை முறை என்று சொன்னால் போதும், விவரித்துக் கதை சொல்ல வேண்டியதில்லை.

பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். 'எல்லாப் பாவமும் செய்தேன் சாமி' என்பது ஒன்றையும் சொல்லாததற்குச் சமம். மாமியாரின் பாவத்தை, கணவரின் குடியைச் சொல்லிவிட்டுத் தன்னுடையதைச் சொல்லாமல் எழுந்து வருகிறவர்களும் உண்டு. மறந்துபோன பாவமும் மன்னிப்பில் அடங்கிவிடும், நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லலாம். கனமான ஒன்றை வேண்டுமென்றே ஒளித்தால் மட்டும் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்டதை வெளியிடும் குரு திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார். கருக்கலைப்பைச் சொல்லத் தயங்கும் பெண்களுக்கு இன்னொன்று: 2016 நவம்பர் முதல் எந்தக் குருவும் அதை மன்னிக்கலாம், மறைமாவட்டத் தலைவரான ஆயரிடம் போக வேண்டியதில்லை.

'அபராதம்' என்ற பழைய சொல் நம்மைக் குழப்பிவிட்டது. போக்குவரத்துக் காவலர் போடுவதும் அபராதம், சாமியார் சொல்வதும் அபராதம்! 'அருள் நிறைந்த மரியே' என்னும் அருள்நிறை மந்திரத்தைப் பத்து முறை சொல்லச் சொன்னால், 'நான் செய்ததற்கு இவ்வளவுதானா' என்று மனம் நம்ப மறுக்கிறது. மிச்சத்தை முழங்காலால் கட்டப் போகிறது. அது மன்னிப்பின் விலையல்ல. குரு மன்னிப்பு வாசகம் சொல்லும்போதே பாவம் போய்விட்டது. அபராதம், நோய் தீர்ந்தவர் உடம்பு தேறச் சாப்பிடும் பத்தியம் மாதிரி. ஆனால் திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பது வேறு கணக்கு. அதை உரியவரிடம் சேர்க்கத்தான் வேண்டும்; உண்டியலில் போட்டுத் தப்பிக்க முடியாது.

வேளாங்கண்ணிக்கு வரும் இந்துக்களும் முஸ்லிம்களும் பாவசங்கீர்த்தனம் என்ற இந்த அருளடையாளத்தைப் பெற இயலாது. குருவிடம் மனம்விட்டுப் பேசலாம், ஆசீர் பெறலாம்.

பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குமுன் ஒரு மணி நேர உபவாசம் உண்டு. தண்ணீரும் மருந்தும் குற்றமில்லை, தேநீர் கூடாது.

இனி மணலுக்கு வாருங்கள். வெயில் ஏறிவிட்டால் மணல் சுடும். விடியலிலோ மாலை ஐந்துக்கு மேலோ இறங்குங்கள். முழங்காலில் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொள்ளலாம், அதனால் நேர்ச்சை குறைந்துவிடாது. பக்கத்தில் ஒருவர் தண்ணீரோடு நடந்து வரட்டும். 53 மணி ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டு போனால் வேகம் தானாகக் குறையும்.

மன்னிக்கப்பட்ட பாவமே பாதி வழியில் திரும்ப நினைவுக்கு வரும். சரியாகச் சொன்னேனா, சாமியாருக்குப் புரிந்ததா என்று அரிக்கும். திரும்பவும் வரிசைக்கு ஓடாதீர்கள். இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரையே 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இந்த அரிப்பு தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோனது. சொன்ன பழைய பாவங்களையே திரும்பத் திரும்பச் சொல்வதை நிறுத்திய பிறகுதான் விடுபட்டார். ஊர் திரும்பியும் விடவில்லையென்றால் குருவை மாற்றிக்கொண்டே இருக்காமல், ஒரே குருவிடம் போய் அவர் சொல்வதைக் கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகள் முழங்காலிட வேண்டாம், புண்பட்டதே தெரியாமல் போகும். செருப்போடு நடந்து போய் மாதா குளத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாருங்கள்.