அப்பாவின் பெயரில் ஓர் அடையாள அட்டை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரி 21, இந்தியப் பெருங்கடல் தீவு நாடான கொமொரோஸின் அதிபர் தேர்தலின் முதல் சுற்று. அன்று காலை நான் அஞ்சுவான் தீவின் தலைநகரான முட்சமுடுவில், ஒரு பள்ளிக்கூட வாசலில் பத்திரிகை வேலையாகக் குறிப்பேடும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம் போய், "அதிபராக யாரைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள்?" என்று அரைகுறை பிரெஞ்சில் கேட்டேன். பின்னால் நின்ற, முகத்தில் சந்தனக் குழம்பு பூசிய பெண்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "அதிபருக்கு இன்று இங்கே ஓட்டு இல்லை தம்பி. அது அந்தத் தீவில். நாங்கள் எங்கள் ஆளுநருக்கு ஓட்டுப் போட வந்திருக்கிறோம்" என்றார்.

நைரோபியிலிருந்து விமானம் ஏறி, கிராண்ட் கொமோர் தீவிலுள்ள நாட்டுத் தலைநகர் மொரோனியில் இறங்கி, அங்கிருந்து சிறு விமானத்தில் இடம் பிடித்து, அதிபர் தேர்தலே நடக்காத தீவுக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

விதி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1997இல் அஞ்சுவானும் மொஹேலியும் பிரிந்துபோவதாக அறிவித்த பிறகு, நாட்டை ஒட்டவைக்க 2001இல் எழுதிய அரசியல் சட்டம் அது. அதிபர் பதவி மூன்று தீவுகளுக்கும் முறைவைத்துப் போகும். எந்தத் தீவின் முறையோ, அந்தத் தீவில் மட்டும் முதல் சுற்று. அதில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் இரண்டாம் சுற்றில் நாடு முழுக்க ஓட்டுக் கேட்பார்கள். 2016இல் கிராண்ட் கொமோரின் முறை. இதைப் படித்திருந்தேன், அடிக்கோடும் போட்டிருந்தேன். ஆனாலும் 2008இல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படைகள் இறங்கி, பதவியை விட மறுத்த தீவுத் தலைவர் முகமது பக்கரை விரட்டிய தீவு அஞ்சுவான் அல்லவா, பரபரப்பு என்றால் அங்கேதான் இருக்கும் என்று மனம் ஒரு கணக்குப் போட்டுவிட்டது. மொரோனியில் 25 வேட்பாளர்கள் மோதிக்கொண்டிருந்த நாளில், நான் கிராம்பு காயும் வாசனையை முகர்ந்தபடி ஆளுநர் தேர்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "2006இல் எங்கள் முறை. அப்போது அதிபரான சாம்பியை நாங்கள்தான் சலித்து எடுத்துக் கொடுத்தோம். மற்ற தீவுக்காரர்கள் இரண்டாம் சுற்றில் ஒப்புக்கொண்டார்கள். இப்போது கிராண்ட் கொமோர்காரர்கள் சலிக்கட்டும், ஏப்ரலில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான செய்தி அதுதான்.

ஏப்ரலில் மறுபடியும் போனேன். விசா, விமானம், அறை எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. சிக்கல், வாக்குச்சாவடிக்குள் நுழைவதற்கான அட்டையில். பிப்ரவரியில் வாங்கிய அட்டை பிப்ரவரியோடு செத்துவிட்டதாம். மொரோனியில் அட்டை கொடுக்கும் இடத்தில் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இடங்களின் படிவத்தில் முதல் கட்டம் குடும்பப் பெயர், இரண்டாவது சொந்தப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக நீட்டி எழுதியிருக்கிறது. எங்கள் பத்திரிகை ஆசிரியர் கொடுத்த கடிதத்திலோ முதலெழுத்தும் என் பெயரும் மட்டும். மேசைக்குப் பின்னால் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரூபாய் நோட்டைச் சோதிப்பதுபோலப் பார்த்தார். "இவர் வேறு, இவர் வேறு" என்றார். நான் விளக்கினேன். அவர் கேட்டார். நான் மறுபடி விளக்கினேன். மின்சாரம் போயிற்று. அன்றைய பொழுது அதோடு சரி.

மறுநாள் வேறு பிரச்சினை. கடிதத்தில் எங்கள் நிறுவனத்தின் முத்திரை நீள்சதுரமாக இருக்கிறதாம். "உத்தியோக முத்திரை வட்டமாக இருக்கும்" என்றார். சென்னையில் ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், பிறகு வட்டமாக ஒன்று செய்யச் சொல்லி அடித்து அனுப்பினார். அதை அச்செடுக்க மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடையில் மை இருந்தது.

வட்ட முத்திரையைப் பார்த்ததும் மனிதர் மலர்ந்துவிட்டார். அந்தத் தைரியத்தில் கேட்டேன்: "ஐயா, உங்கள் பெயரில் இரண்டாவதாக வருவது யாருடைய பெயர்?"

"என் அப்பாவுடையது."

"எனக்கும் அப்படித்தான் ஐயா."

சற்று நேரம் என்னைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்தார். அதையும் பேரேட்டில் ஏற்றப் போகிறார் என்று நினைத்தேன். முத்திரையை எடுத்து, மைப்பெட்டி காய்ந்திருந்ததால் வாயால் ஊதி ஈரமாக்கி, அட்டையில் ஓங்கி அடித்துக் கொடுத்தார். வெளியே வந்துதான் பார்த்தேன். அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் முழுதாக இருந்தது. என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, பின்னால் ஒரு புள்ளியோடு நின்றது. திரும்பிப் போய்த் திருத்தச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

ஏப்ரல் 10 வாக்குப்பதிவை மொரோனியில் பார்த்தேன். அந்த நாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிவு வந்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது: முன்னாள் அதிபர் அசாலி அசூமானி 40.98 சதவீதம், துணை அதிபர் முகமது அலி சொய்லிஹி 39.87. இரண்டாயிரம் ஓட்டுச் சொச்சம்தான் இடைவெளி. அதற்குள் சில சாவடிகளில் பெட்டிகளை உடைத்துவிட்டார்கள் என்று வழக்கு. அரசியல் சட்ட நீதிமன்றம் 13 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது, நாள் மே 11. பதின்மூன்றும் அஞ்சுவானில்! பிப்ரவரியில் தேவையில்லாமல் அங்கே போய் நின்றவன், தேவைப்பட்டபோது மொரோனியில் இருந்தேன்.

அட்டையில் "ஏப்ரல் 10" என்று தட்டச்சு செய்திருந்ததால் மறுபடி அதே மேசை. "இது அதே இரண்டாம் சுற்றுதானே?" என்றேன். "அதே சுற்றுதான். தேதி வேறு" என்றார். நியாயம்தான். பேரேட்டில் என் பெயரைத் தேடினார், இல்லை. மறுபடி மேலிருந்து தேடினார், இல்லை. அப்பாவின் பெயரைச் சொன்னேன். உடனே கிடைத்தது. பின்புறம் புதுத் தேதி எழுதி, ஊதி, அடித்தார்.

விமானத்தில் இடமில்லை, இரவுப் படகில் போனேன். மே மாதம் தென்காற்று ஆரம்பிக்கிற சமயம். அந்த இரவைப் பற்றி எழுத விருப்பமில்லை. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு ஏறுங்கள், அவ்வளவுதான்.

இப்படி அலைய நேர்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. யூரோவைச் சில்லறை நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். உள்ளூர் பிராங்க் யூரோவோடு கட்டப்பட்டது, ஏறக்குறைய 492 பிராங்க் ஒரு யூரோ, பேரம் பேச வேண்டியதில்லை. கடிதம் பிரெஞ்சில் இருக்கட்டும், கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும், முத்திரை வட்டமாக இருக்கட்டும். ஒற்றைத் தேதிக்கு அட்டை வாங்காதீர்கள், "தேர்தல் முடியும் வரை" என்று எழுதித் தரும்படி மன்றாடுங்கள். சுழற்சி விதியைப் பற்றி நான் சொன்னதை மட்டும் இப்போது நம்பிப் போகாதீர்கள். 2018 பொதுவாக்கெடுப்பில் அதை மாற்றி, ஒருவரே தொடர்ந்து இரண்டு முறை பதவியில் இருக்கலாம் என்றாக்கிவிட்டார்கள். 2016இல் வென்ற அசாலி 2019லும் 2024லும் மறுபடி வென்றார். அஞ்சுவான்காரர்கள் தங்கள் முறைக்காக இன்னும் காத்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர் இதைப் பற்றி என்ன சொல்வார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மே 11 காலை, தலை சுற்றலோடு ஒரு சாவடி வாசலில் நின்றேன். காவலுக்கு நின்ற சிப்பாய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உள்ளே அனுப்பினார். பொறுப்பிலிருந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கி, அட்டையிலுள்ள பெயரை உரக்க வாசித்தார். அப்பாவின் பெயர், பிரெஞ்சு உச்சரிப்பில். பள்ளிக்கூட வருகைப் பதிவில் சொல்வதுபோல "ஆம்" என்றேன். வந்து பார்த்தவர்கள் பட்டியலில் அதை எழுத்தெழுத்தாக எழுதினார். என் பெயருக்கான ஒற்றை எழுத்தை எழுத மறந்துவிட்டார். ராமேசுவரத்துக்கு அப்பால் போயிராத என் அப்பா, அன்று இந்தியாவிலிருந்து வந்த பத்திரிகையாளராக அந்தத் தாளில் இடம்பெற்றார்.