ஏரிக்கரையில் நான்கு துறைகள்

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன ஏரி. சித்தேரி என்போம். நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். 2019 கோடையில் அதே வீட்டில் போர்வெல் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். அப்புறம்தான் தெருவில் பதினைந்து பேர் சேர்ந்து ஏரிக் குழு தொடங்கினோம்.

முதல் வருடம் எதுவும் நகரவில்லை. குப்பை, சாக்கடை, ஆக்கிரமிப்பு, தூர் என்று எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதி எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினோம். "எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்றே பதில் வந்தது. கோபம்தான். ஆனால் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, ஒவ்வொன்றும் பாதி உண்மை என்று தெரிந்தது. எங்கள் ஏரியில் கரை, மதகு, கலங்கல் எல்லாம் நீர்வளத் துறை. குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியம். எல்லையை அளந்து சொல்ல வேண்டியது வருவாய்த் துறை.

சரி என்று மனுவை நான்காக உடைத்தோம். ஒரு துறைக்கு ஒரு பக்கம், ஒரே ஒரு கோரிக்கை, தேதியிட்ட புகைப்படம், சர்வே எண். புல வரைபடத்தையும் (நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் படம்), அ-பதிவேட்டு நகலையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) கட்டாயம் கையில் வைத்திருங்கள். 'ஏரிக்குப் பக்கத்தில்' என்று எழுதிய மனுவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சர்வே எண் போட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். பதில் வராத மனுவுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 'என்ன நடவடிக்கை' என்று மட்டும் கேட்டோம். முப்பது நாளுக்குள் கோப்பு எண் கிடைத்தது. அந்த எண்ணோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய், நான்கு துறையும் ஒரே நாளில் கரைக்கு வர வேண்டும் என்று கேட்டோம்.

வந்தார்கள். அந்தக் காலை எனக்கு மறக்காது. ஒரு காலத்தில் இந்த ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட பெரியவர் ஒருவரை அழைத்துப் போயிருந்தோம். எல்லைக்கல் எங்கே என்று நில அளவர் வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்க, "அந்தக் கருவேலத்துக்கு அடியில பாருங்க தம்பி" என்றார். முள்ளை வெட்டி, முழங்கை ஆழம் தோண்டியதும் கல் தலை காட்டியது. நில அளவர் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க முன்னாடி நடங்கய்யா" என்றார்.

அடுத்தது வடிகால். மாநகராட்சி உதவிப் பொறியாளர் அம்மா மழைநீர் வடிகாலின் ஒரு மூடியைத் திறக்கச் சொன்னார். மழையே இல்லாத மாசி மாதம், உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. "மழையில்லாம ஓடினா அது வீட்டுச் சாக்கடைதான்" என்று குடிநீர் வாரியப் பொறியாளரைத் திரும்பிப் பார்த்தார். நான்கு பேரும் ஒரே குழியை எட்டிப் பார்த்த அந்த ஐந்து நிமிடத்தில், இரண்டு வருடக் கடிதங்கள் செய்யாதது நடந்தது. வடிகாலில் விட்டிருந்த சாக்கடை இணைப்புகளைக் கண்டுபிடித்து அடைக்கத் தேதி குறித்தார்கள்.

அன்று மாலையே பேசியதை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து நால்வருக்கும் அனுப்பினோம். அதிகாரிகள் மாறிப்போவார்கள், இதுவரை இரண்டு பேர் மாறிவிட்டார்கள். புதிதாக வருபவர் நாற்காலியில் உட்கார்ந்த வாரமே எங்கள் கோப்போடு போய் வணக்கம் சொல்லி, கரைக்கு அழைத்து வருகிறோம்.

சாக்கடை நின்றுவிட்டது. எல்லைக்கல் இரண்டு கிடைத்து, சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. மூன்றாவது, ஒரு ஷெட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். அதை அளக்க அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பெரியவரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.