நம்ம தெருவிலேயே நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கும், தேடுங்க
வண்டியை வீட்டிலேயே விட்டுட்டு, சாப்பாட்டு நேரத்துல சந்து சந்தா நடந்து பாருங்க. அக்கம்பக்கத்துல வேலை பாக்கறவங்க தினமும் நிக்கிற கடையில பண்டம் தேங்காது. சமைச்சது 60 டிகிரிக்குக் கீழ ஆறி ரெண்டு மணி நேரத்துக்கு மேல கிடந்தா கிருமி பெருகும். அதனால மூடியைத் திறந்ததும் ஆவி பறக்குதான்னு கவனிங்க. சட்டியில எண்ணெய் கறுத்து, நுரை அடங்காம, பிசுபிசுன்னு இருந்தா பல தடவை காய்ச்சினது. திரும்பிடுங்க.

முதல் தடவை அங்க அதிகம் விக்கிறது எதுவோ அதை மட்டும் கொஞ்சமா வாங்குங்க. மேப்ல விமர்சனம் படிச்சா 'புதியவை' வரிசையில படிங்க. சமையல்காரர் மாறிட்டா பழைய நட்சத்திரத்துக்கு மதிப்பே இல்லை. ஜூஸ் கடையில ஐஸ் எந்தத் தண்ணியிலன்னு தயங்காம கேளுங்க. உறைய வச்சா எல்லாக் கிருமியும் செத்துடாது.