சிவப்பு விடாத நியூட்ரல் ரெட்

பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை வேளைகளில் நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் மாணவி ஒருத்தியின் அப்பா, கொடுங்கையூரில் சிறிய அளவில் பாத்திரம் கழுவும் திரவம் தயாரிக்கிறார். நுரை தரும் அமில மூலப்பொருளான ஆசிட் ஸ்லரியைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் நடுநிலைக்குக் கொண்டுவருவதுதான் அதில் கைப்பக்குவம் வேண்டிய கட்டம். அவள் கொண்டுவந்த மாதிரியில், அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் நியூட்ரல் ரெட் சாயம் இரண்டு சொட்டு விட்டோம். பி.எச். மீட்டர் 8 என்று, அதாவது நடுநிலையான 7ஐத் தாண்டிக் காரப் பக்கம் காட்டியது. சோதனைக்குழாயிலோ சிவப்பு அப்படியே நின்றது. "மிஸ், இன்னும் ஆசிட்டாவா இருக்கு? காஸ்டிக் ஊத்தணுமா?" என்று கேட்டாள். ஊற்றியிருந்தால் கையை எரிக்கும் சரக்காகியிருக்கும்.

வெறும் நீரில் இந்தச் சாயம் 6.8க்கும் 8க்கும் இடையே சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறிவிடும். ஆனால் நுரைப்பொருள் ஓர் அளவைத் தாண்டினால் (சோடியம் டோடெசைல் சல்பேட்டுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல்), அதன் மூலக்கூறுகள் எண்ணெய் வாலை உள்ளேயும் மின்சுமையுள்ள தலையை வெளியேயும் வைத்து, சில நானோமீட்டர் அகலமுள்ள மிசெல்களாகத் திரள்கின்றன. ஸ்லரியிலிருந்து வரும் மிசெல்லின் தலைகள் எதிர்மின் சுமையுடையவை என்பதால், நேர்மின் சுமையுள்ள நியூட்ரல் ரெட்டையும் ஹைட்ரஜன் அயனிகளையும் ஒருசேர இழுத்துக்கொள்கின்றன. மீட்டர் அளப்பது வெளிநீரை. சாயம் இருப்பதோ அமிலம் செறிந்த அந்த விளிம்பில். அங்குள்ள மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட் இருந்தால், 25 டிகிரி செல்சியஸில் அது ஒரு முழு பி.எச். அலகு விலகலாகும். எந்தச் சுமையுள்ள மிசெல் சாயத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை வேதியியலாளர் ஹார்ட்லி 1934லேயே விதியாக வகுத்துவிட்டார். சுமையில்லாத மிசெல்லிலும் விலகல் உண்டு, ஏனென்றால் எண்ணெய்த்தன்மை மிகுந்த அந்த இடத்தில் சுமையுள்ள வடிவம் நிலைப்பது கடினம்.

சுமையை மாற்றினால் விலகலும் திசை மாறுவதை அவளே பார்க்கட்டும் என்று, பி.எச். 3 உள்ள நீர்த்த அமிலத்தில், அமிலம் குறைந்தால் மஞ்சளிலிருந்து நீலமாகும் புரோமோபீனால் புளூ என்ற சாயத்தைக் கலந்து, மஞ்சளாக நின்ற அதில் நேர்மின் தலை கொண்ட சீட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடைச் சேர்த்தேன். மீட்டர் முள் நகரவில்லை. குழாய் மட்டும் நீலமானது. அதையே எதிர்மின் தலையுள்ள சோடியம் டோடெசைல் சல்பேட்டில் செய்தபோது மஞ்சள் மாறவில்லை, ஏனென்றால் அந்தச் சாயமும் எதிர்மின் சுமையுடையது, மிசெல் அதை அண்டவிடாது. கறியுப்பு சேர்க்கச் சேர்க்க இந்த விலகல் குறையும். உப்பின் அயனிகள் மிசெல்லின் சுமையை மறைத்துவிடுகின்றன. கடையில் வாங்கும் திரவங்களில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததால், நிறத்துக்கு இவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்ற நிலையான திருத்தம் எதையும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

அவள் அப்பாவுக்குச் சொல்லியனுப்பியது இதுதான்: மீட்டரை, பி.எச். மாறாமல் நிற்கும் 7, 9.2 தாங்கல் கரைசல்களில் சரிபார்த்துவிட்டு அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மின்முனையை வாலை வடித்த நீரில், நுரை முழுவதும் போகும்வரை அலச வேண்டும்.