நல்ல சில்லி கான் கார்னேக்காக டெக்சஸ் போய் மிளகாயோட திரும்பி வந்த கதை

வியாழக்கிழமை ராத்திரிதான் டோர்ட்முண்ட் வந்து சேந்தேன். பெட்டியத் தொறந்தா சட்டை, சாக்ஸ், லேப்டாப் பை எல்லாத்துலயும் உலர்ந்த திராட்சையும் புளியும் கலந்த மாதிரி ஒரு வாசம். உள்ள ஒன்றரை கிலோ காஞ்ச மிளகாய். துணிய இன்னும் துவைக்கப் போடல, போட மனசும் வரல. ஹூஸ்டன்ல ஆபீஸ் வேலை, டிக்கெட் கம்பெனி செலவு, அதுக்கப்புறம் மூணு நாள் லீவ் போட்டு சில்லிக்காக சான் அன்டோனியோ போனது மட்டும் என் கைக்காசு. எவ்ளோ ஆச்சு, எப்படிப் போகணும்னு எல்லாம் வரிசையா சொல்லலாம்னுதான் உக்காந்தேன், ஆனா மொதல்ல அங்க சாப்பிட்ட அந்த ஒரு கிண்ணம் சில்லியப் பத்தி சொன்னாத்தான் எனக்கு மத்தது ஓடும்.

ஜெர்மனி வந்து ஆறு வருஷம் ஆகுது. இங்க சில்லி கான் கார்னேக்குப் பஞ்சமே இல்ல, கேன்டீன்ல உண்டு, கிறிஸ்மஸ் சந்தையில உண்டு, சூப்பர்மார்க்கெட்ல டின்லயும் உண்டு. எல்லாம் ஒரே சமாச்சாரம்தான். கொத்துக்கறி, டின் தக்காளி, கிட்னி பீன்ஸ், அதுக்கு மேல இனிப்பு மக்காச்சோளம் வேற. பக்கத்துல ஒரு பன். அந்தப் பேருக்கு அர்த்தமே கறி போட்ட மிளகாய்னுதான், மிளகாய்தான் முதல்ல வருது, அந்த மிளகாய் எங்கய்யா போச்சு? தக்காளி சாஸ்ல பீன்ஸ் வேகவச்ச மாதிரி இருக்கறதுக்கு இந்தப் பேரு எதுக்கு?

சரி வீட்லயே செய்வோம்னு ரெண்டு தடவ எறங்கினேன். அமெரிக்க ரெசிபியில மூணு டேபிள்ஸ்பூன் சில்லி பவுடர்னு போட்டிருந்தான், நானும் நம்ம மிளகாய்த்தூள மூணு ஸ்பூன் கொட்டினேன், ஒரு கிலோ மாட்டுக்கறி குப்பைக்குப் போச்சு. இத யாருமே ஒழுங்கா எழுதி வைக்க மாட்டேங்கறாங்க, அதனால நான் சொல்றேன்: அமெரிக்காக்காரன் சில்லி பவுடர்னு சொல்றது வெறும் மிளகாய் இல்ல. காரம் கம்மியான மிளகாயோட சீரகம், பூண்டு, ஓரிகானோ எல்லாம் சேத்து அரைச்ச மசாலாத்தூள் அது. நம்ம சாம்பார் பொடி மாதிரி ஒரு கலவைனு வச்சுக்கங்க. நம்ம தூள அந்த அளவுக்குப் போட்டா வாய்ல வைக்க முடியாது.

ஹூஸ்டன்ல இருந்து சான் அன்டோனியோ கிட்டத்தட்ட 320 கிலோமீட்டர். கார் வாடகை விலையப் பாத்துட்டு பஸ்ஸ பிடிச்சேன், 28 டாலர். தயவுசெஞ்சு இந்தத் தப்ப நீங்க பண்ணாதீங்க. பஸ் ரெண்டு மணி நேரம் லேட், லேட்டுனு ஒரு அறிவிப்பு கூட இல்ல, கவுன்டர்ல இருந்தவங்க நிமிந்து பாக்கல. உள்ள ஏறினா ஏசி ஐஸ்பெட்டி, வெளிய அக்டோபர்லயும் முப்பது டிகிரி வெயில், நான் உள்ள ரெண்டு சட்டைய ஒண்ணுமேல ஒண்ணு போட்டுட்டு ஒடுங்கி உக்காந்திருக்கேன். போன் சார்ஜ் போட இருந்த பிளக் செத்துப்போனது, பின்னாடி டாய்லெட் கதவு தாழ் நிக்கல, ஒவ்வொரு திருப்பத்துலயும் படார் படார்னு அடிச்சிட்டே வந்துச்சு. நம்ம ஊரு அரசு பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட கேட்டா ஒரு பதிலாவது வரும்ல, இங்க கேக்க ஆளே இல்ல.

எறங்கினதும் வந்தாரு டாக்சி டிரைவர். ஹோட்டல் ரெண்டு கிலோமீட்டர் கூட இல்ல, 25 டாலர் வாங்கிட்டாரு. மீட்டர் போடுங்கனு சொன்னதுக்கு நைட் ரேட்னு பதில், மணி ஏழு, வெளிச்சம் கூட முழுசாப் போகல! அந்தக் காசுக்கு ரெண்டு கிண்ணம் சில்லி சாப்பிட்டிருப்பேன், இன்னும் ஆறல எனக்கு. ஊருக்குள்ள வியானு டவுன் பஸ் இருக்கு, ஒரு தடவ ஏற 1.30 டாலர்தான், நாள் முழுக்க சுத்த 2.75. அத எடுத்துக்கங்க.

சரி, இப்ப அந்தக் கிண்ணம்.

மார்க்கெட் ஸ்கொயர் பக்கம் ஒரு சந்துல சின்னக் கடை, எட்டு மேசைதான் இருக்கும். 11 டாலர், டாக்ஸ் டிப்ஸ் எல்லாம் சேத்து 14க்கு மேல போச்சு, அந்த டிப்ஸ் கேக்கற ஸ்கிரீன நீட்டறது எனக்குப் பிடிக்கவே இல்ல, ஆனா இந்தக் கடைக்கு மட்டும் மனசாரக் குடுத்தேன். வந்தது செம்பழுப்பு நிறத்துல கெட்டியான குழம்பு. அவ்ளோதான். தக்காளி இல்ல, பீன்ஸ் இல்ல, சோளம் இல்ல. கொத்துக்கறியும் இல்ல, சுண்டுவிரல் நுனி அளவு துண்டு துண்டா கறி, ஸ்பூனால அழுத்தினா நார் நாராப் பிரியுது. ஓரத்துல எண்ணெய் சிவப்பாப் பிரிஞ்சு நிக்குது, நம்ம வீட்ல வத்தக்குழம்பு எறக்கற பதத்துல நிக்குமே அப்படி. பக்கத்துல பச்சை வெங்காயம் பொடியா நறுக்கினது, உப்பு பிஸ்கட், பின்டோ பீன்ஸ் தனியா ஒரு கப்புல. மொத வாய்ல காரமே தெரியல, மொதல்ல மிளகாயோட ருசிதான் வருது, லேசா இனிப்பு, லேசா கசப்பு, அப்புறம் சீரகம், முழுங்கினதுக்கப்புறம்தான் தொண்டையில மெதுவா சூடு ஏறுது. மிளகாய்க்குக் காரத்தத் தவிர இவ்ளோ ருசி இருக்குனு எனக்கு இத்தன வயசுக்கப்புறம் அங்கதான் தெரிஞ்சுது. ரெண்டாவது கிண்ணம் சொன்னேன். பட்ஜெட்ட மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

பரிமாறின அம்மாகிட்ட என்ன மிளகாய்னு கேட்டேன். அவங்க உள்ள போய் கையில ஒண்ணு எடுத்துட்டு வந்தாங்க. உள்ளங்கை அகலம், கறுத்துச் சுருங்கிப் போய் பேரீச்சம்பழத் தோல் மாதிரி. காம்பக் கிள்ளி, நடுவுல கிழிச்சு, விதைய உதறிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சாங்க. கலர் கண்ணாடி வழியா வர்ற மாதிரி செக்கச் செவேல்னு வெளிச்சம் உள்ள வந்துச்சு. இப்படிச் செவப்பாத் தெரிஞ்சா ஆன்ச்சோ, காப்பிக் கலர்ல இருட்டாத் தெரிஞ்சா அது முலாட்டோ, கடையில மாத்திக் குடுத்துருவாங்க, பாத்து வாங்குனு சொன்னாங்க. பொப்லானோங்கற பெரிய பச்சை மிளகாயச் செடியிலயே பழுக்கவிட்டு காய வச்சா அதுதான் ஆன்ச்சோ. இத சூடு தண்ணியில ஊறவச்சு விழுதா அரைக்கறோம், பவுடர் சும்மா வாசத்துக்கு ஒரு சிட்டிகைதான்னாங்க. மிளகாய ஊறவச்சு அரைக்கறது! எங்க பாட்டி அம்மிக்கல்லுல பண்ணினதும் அதேதான!

அந்த ஊர்ல இதுக்குனு ஒரு பெரிய கதை இருக்கு. 1800களோட பிற்பாதியில இருந்து சாயங்காலமானா மெக்சிகன் பொம்பளைங்க வீட்லயே சில்லி சமைச்சு, அண்டாவோட மிலிட்டரி பிளாசா மைதானத்துக்குக் கொண்டுவந்து, விறகு மூட்டி, மேசை போட்டு, கலர் கண்ணாடி விளக்கு வச்சு விப்பாங்களாம். சில்லி குயின்ஸ்னு பேரு. பத்து சென்ட்டுக்கு சில்லி, பீன்ஸ், டோர்ட்டியா ரொட்டி. பெரிய மனுஷன், வண்டிக்காரன், பட்டாளத்தான் எல்லாம் ஒரே மேசையில. அப்புறம் மைதானத்து நடுவுல 1889ல சிட்டி ஹால் கட்ட ஆரம்பிச்சு இவங்கள வேற மைதானத்துக்குத் தள்ளினாங்க, 1930கள்ல சுகாதார விதி அது இதுனு சொல்லி நெருக்கி, கொஞ்ச வருஷத்துல மொத்தமா கடைய எடுக்க வச்சுட்டாங்க. அந்த சிட்டி ஹால் முன்னாடி அரை மணி நேரம் நின்னேன். 1977ல டெக்சஸ் அரசாங்கம் சில்லியத்தான் மாநில உணவுனு அறிவிச்சுது. அதுக்குப் பேர் வாங்கிக் குடுத்த பொம்பளைங்க கடைய எடுத்துட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் பட்டம் குடுத்தத என்னால ஏத்துக்க முடியல.

ஞாயித்துக்கிழமை ஹூஸ்டன் நண்பன் கார்ல வந்துட்டான், பஸ்ல இருந்து தப்பிச்சேன். வழியில நியூ பிரௌன்ஃபெல்ஸ் போகணும்னு நான்தான் அடம் பிடிச்சேன், வடக்க ஒரு 50 கிலோமீட்டர். 1845ல ஜெர்மன்காரங்க வந்து குடியேறின ஊர், இன்னும் தெருவுக்கு ஜெர்மன் பேரு, சாசேஜ் கடை. அங்க வில்லியம் கெப்ஹார்ட்னு ஒரு ஜெர்மன்காரர் ஒரு சாராயக் கடைய ஒட்டி சாப்பாட்டுக் கடை வச்சிருந்தாரு. மெக்சிகோ மிளகாய் வருஷம் பூராக் கெடைக்காது, அதனால ஆன்ச்சோவ வாங்கி, கறி அரைக்கற மிஷின்ல விட்டுப் பொடியாக்கினாரு. அப்புறம் சான் அன்டோனியோ போய் 1896ல ஈகிள் பிராண்ட்னு பதிவு பண்ணி வித்தாரு. சில்லி பவுடர் உலகம் பூரா போனதுல அந்த மனுஷனுக்குப் பெரிய பங்கு. சொந்த ஊர்ல இருந்து கப்பலேறி வந்தவன் கையில கெடைச்சத வச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான்ங்கறது எனக்கு ரொம்ப நெருக்கமாப் பட்டுச்சு, நானும் அதுக்குத்தான அலையறேன்.

மிளகாய் முந்தின நாளே எச்-ஈ-பி சூப்பர்மார்க்கெட்ல வாங்கிட்டேன். தொட்டி தொட்டியா கொட்டி வச்சிருக்கான், நாமளே அள்ளி எடை போடலாம். ஆன்ச்சோ, குவாஹீயோ, காரத்துக்கு சீலே தெ ஆர்போல், அப்புறம் ஒரு பை மாசா ஹரினா. மக்காச்சோளத்த சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு அரைச்சு உலத்தின மாவு அது. மிளகாய கையால வளைச்சுப் பாருங்க, தோல் மாதிரி வளையணும், பொடிப்பொடியா ஒடைஞ்சா பழசு. கறி போட்ட டின் சில்லி மட்டும் வாங்காதீங்க, ஐரோப்பாவுக்குள்ள வெளிநாட்டுக் கறி, பால் சாமான் எதுவும் கொண்டுவர விடமாட்டாங்க. என் பெட்டியத் தொறக்கச் சொன்னாரு கஸ்டம்ஸ்காரர், வெறும் மிளகாயப் பாத்து ஒரு தும்மல் போட்டு மூடச் சொல்லிட்டாரு.

நேத்து சமைச்சேன். ஒரு கிலோ மாட்டுக்கறி, கசாப்புக் கடையில கூலாஷ்ங்கற கறிக்குழம்புக்கு வெட்டற துண்டு கேட்டு இன்னும் சின்னதா நறுக்கினேன். ஆறு ஆன்ச்சோ, நாலு குவாஹீயோ, ரெண்டு ஆர்போல். இரும்புக் கல்லுல பக்கத்துக்குப் பத்து செகண்ட், லேசா உப்பி வாசம் வந்ததும் எடுத்துரணும், கருகினா மொத்தமும் கசந்துரும். அரை மணி ஊறவச்சு அரைச்சு வடிகட்டினேன், குவாஹீயோ தோல் திப்பி திப்பியா நிக்கும், வடிகட்டறத விட்றாதீங்க. கறிய நல்லா செவக்க வறுத்து எடுத்துட்டு, அதே கொழுப்புல வெங்காயம், ஆறு பல்லு பூண்டு, வறுத்துப் பொடிச்ச சீரகம் ரெண்டு டீஸ்பூன், அப்புறம் விழுது. விழுது எண்ணெயில சுண்டி நிறம் மாறினதும் கறியும் தண்ணியும் ஊத்தி சின்ன தீயில மூணு மணி நேரம். குக்கர்ல வைக்காதீங்க, கறி வேகும், குழம்பு சுண்டாது. கடைசியில ரெண்டு ஸ்பூன் மாசா கரைச்சு ஊத்தினேன். தக்காளி போடலாமாங்கறது அங்கேயே தீராத சண்டை, டெக்சஸ்காரரான பழைய அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வீட்டு ரெசிபிய ஏகப்பட்ட பேர் கேட்டு அத கார்டுல அச்சடிச்சுக் குடுத்தாங்க, அதுல தக்காளி உண்டு, பீன்ஸ் கெடையாது. நான் ரெண்டும் போடல. அந்தக் கடை அளவுக்கு வந்துச்சானு கேட்டா, கிட்ட வந்துருச்சு. இன்னைக்குக் காலையில சூடு பண்ணிச் சாப்பிட்டப்ப இன்னும் கிட்ட வந்துருச்சு, மறுநாள் மீன் குழம்பு மாதிரி.

சமைக்கறதுக்கு முன்னாடி சீரகம் தீந்துபோச்சுனு நம்ம யாழ்ப்பாணத்து அண்ணா கடைக்குப் போனேன். ஆறு வருஷமா எனக்கு மிளகாய் அவர் கடையிலதான். பையில இருந்து ஒரு ஆன்ச்சோவ எடுத்து நீட்டினேன். மூக்குகிட்ட வச்சுப் பாத்தாரு, ஒரு துண்டு கிள்ளி வாய்ல போட்டாரு.

"என்ன செத்தல் தம்பி இது, கொஞ்சமும் உறைக்கேல்லை?"

"காரத்துக்கு இல்லண்ணா, ருசிக்கு."

இன்னொரு துண்டு கிள்ளிப் போட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் மென்னுட்டே நின்னாரு. அப்புறம் மிச்சத்த கவுன்டர் மேல வச்சுப் பிரிச்சு, பில் தாள்ல விதைய ஒவ்வொண்ணா தட்டிச் சேத்தாரு.

"புளிமணம் அடிக்குது. விதை நான் வச்சிருக்கிறன், மாசியில பூச்சாடியில போட்டுப் பாப்பம்."

சீரகத்துக்குக் காசு வாங்கல. முளைச்சா ஆளுக்குப் பாதிச் செடினு பேச்சு.